பின்வாங்கு கோடு

செப்ரெம்பர் புயலுக்கு அடுத்த கிழமை
அளவுநாடாவோடு போனேன்.
போன வருசம் நான் அடித்த முளைக்குச்சியிலிருந்து
மேட்டின் விளிம்புக்குப் பதினொரு மீற்றர் என்கிறது
கொப்பியில் என் கையெழுத்து.
முளைக்குச்சியே இல்லை.
கீழே, சிவப்பு மண் கலந்த கடல்
கண்ணுக்கெட்டிய மட்டும்
காவி வேட்டி அலசின வாளித் தண்ணீர்.

கரை, பெயர்ச்சொல்.
கரை, வினைச்சொல்லும்தான்.
பிரின்ஸ் எட்வேட் தீவின் வட விளிம்பில்
அன்றைக்குத்தான் இலக்கணம் விளங்கியது.

கூட்டம் தீயணைப்பு நிலையத்தில்.
வண்டிகளை வெளியே மழையில் விட்டுவிட்டு
அறுபது மடக்குக் கதிரை.
கோப்பி முடிந்து, திரும்ப ஊற்றி, திரும்ப முடிந்தது.
சுவரில் என் வரைபடம்,
சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு.
கோட்டுக்குக் கடற்பக்கம் பதினாறு வீடுகள்.
பதினாறு வீட்டாரும் கோட்டைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தார்கள்.

"கல்லைக் கொட்டு" என்றார் எல்டன் மக்லூர்.
"லொறி லொறியாய்க் கொட்டு. என்ர காசு."
"உன்ர கல்லில மோதின அலை
எங்க போய்ப் படுக்கும்?
என்ர இறங்குதுறையிலதான்"
என்றான் சிங்கி இறால் பிடிக்கும் ஃபிடேல் கலாண்ட்.
ஒன்ராறியோவிலிருந்து கோடைக்கு மட்டும் வருகிற பெண்
மணல் கொண்டுவந்து நிரப்பலாமே என்றாள்.
எந்தக் கரையிலிருந்து எடுத்து, என்று பின்வரிசை.
சிரிப்பு.
பிறகு சிரிப்பில்லை.

மிக்மாக் சபையிலிருந்து வந்த தெரேசா நொக்வுட்
எழும்பவில்லை. இருந்தபடியே கேட்டாள்:
"சிப்பிப் படுகையை இந்தப் படத்தில்
ஒருத்தரும் குறிக்கவில்லையே?"

பென்சிலை நீட்டினேன்.
அவள் கீறினாள்.
கலங்கல் ஓடும் திசையை ஃபிடேல் கீறினான்.
பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்
ரோட்டு முதலில் தாழும் இடத்தில் ஒரு புள்ளடி.
உப்புக்கொத்தி முட்டையிட வரும் திகதியை
பத்து வயதுப் பிள்ளை ஒன்று
எழுத்துப் பிழையோடு எழுதிவிட்டுப் போனது.
ஒன்பதரைக்கு
என் சுத்தமான படத்தைக் காணவில்லை.
பிறகு நடந்ததெல்லாம் அந்த அழுக்குத் தாளை வைத்துத்தான்.

இன்னும் ஐந்து கூட்டம்.
எல்டன் ஐந்துக்கும் வந்தார்,
ஐந்திலும் எதிர்த்துக் கை உயர்த்தினார்.
ஐந்தாவது முடிந்து கதிரை மடிக்கையில்
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"என்ர வீடு எத்தனை தொன் இருக்கும்?"

பெப்ரவரி. நிலம் இரும்பாய் இறுகின காலை.
அடியில் உத்தரம் கொடுத்து, சக்கரம் பூட்டி,
யன்னல் சீலையைக்கூடக் கழற்றாமல்
வீடு தெருவுக்கு வந்தது.
மின்சாரசபை ஆட்கள் கம்பியைத் தூக்கிப் பிடிக்க
குனியாமல் போனது கூரை.
தெரேசாவின் தம்பி முன்னால் கொடி பிடித்தான்.
கூட்டம் கூட்டமாய் முட்டுக்கட்டை போட்ட மனிதர்
உண்மையாகவே ஒரு முட்டுக்கட்டையைக் கையில் கொண்டு
பின்சக்கரத்தோடு நடந்தார்.
ஏற்றத்தில் வீடு ஒருதரம் வழுக்கியது.
எறிந்தார். நின்றது.
ஃபிடேலின் மச்சான் விற்ற
உருளைக்கிழங்கு வயல் மூலைதான் தேர்முட்டி.

பதினாறில் ஒன்று.
நான்கு பேர் கையெழுத்து வைத்திருக்கிறார்கள்.
ஒருவர் எங்கள் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்.
மற்றவர்கள் தபாலுக்குப் பதில் போடுவதில்லை,
நானும் அவர்களைக் குறை சொல்வதில்லை.

வீடு இருந்த பள்ளத்தை மூடி
மணற்புல் நட்டோம், முழம் முழமாய் இடம் விட்டு.
பாதி பிடித்தது.
எல்டனின் குசினி யன்னலில் இப்போது
கடல் ஒரு விரல் அகலம்.
அந்த விரலுக்கு நேரே கதிரையை மாற்றிப் போட்டிருக்கிறார்.

புது முளைக்குச்சியிலிருந்து விளிம்புவரை
முப்பத்தொரு மீற்றர்.
எழுதிக்கொண்டேன்,
பென்சிலில்.